சிவக்காத தோல் தொப்பி

அத்தியாயம் 4

ஆம்பூரில் நாங்கள் ரயிலை விட்டு இறங்கியபோது மணி பதினொன்று. தானியேலை விலங்கு மாட்டி வேலூருக்கு ஏற்றிக்கொண்டு போகப்போகும் ரயில் மூன்றரைக்கு. இடையில் இருப்பது நாலரை மணி நேரம். அதற்குள் ஒரு தொப்பி பொய் சொல்கிறதா இல்லையா என்று கண்டுபிடித்தாக வேண்டும்.

"ஆளு பொய் சொன்னா முழியப் பாத்துக் கண்டுபிடிச்சிடலாம். தொப்பிக்கு முழி எங்க சார் இருக்குது?" என்று கேட்டேன்.

என் முதலாளி, துப்பறியும் சுப்பராயன், காதில் போட்டுக்கொள்ளாமல் போலீஸ் ஸ்டேஷனை நோக்கி நடந்தார். அவர் போலீசில் ரைட்டராக இருந்து, மேலதிகாரியிடம் உண்மையைச் சொல்லி வேலையை விட்டவர். நான் பச்சையப்பன். வேலூரில் பதினெட்டு வருஷம் ஜட்கா ஓட்டினேன். குதிரை செத்த பிறகு இவரிடம் வந்து சேர்ந்தேன். வாய் கொஞ்சம் ஜாஸ்தி என்பார்கள். இவரோடு நாள் முழுக்க இருந்து பாருங்கள், உங்களுக்கும் ஜாஸ்தியாகிவிடும்.

விஷயம் இதுதான். தோல் பதனிடும் ஷாப்பு முதலாளி ஆபித் பாஷாவுக்கு ஒரே மகன், நயீம் அஹமது. இருபத்திரண்டு வயது. ஞாயிற்றுக்கிழமையானால் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு நாய்க்கனேரி மலைப்பாதையில் ஏறி இறங்குவான். அங்கே அவனுக்கு ஒரு வேலையும் கிடையாது. வேகம், அவ்வளவுதான். போன ஞாயிறு வண்டி கல்லில் ஏறித் தூக்கி எறிந்தது. பாலத்துக் கைப்பிடிச் சுவரில் தலை மோதி, ஊர் வந்து சேர்வதற்குள் உயிர் போய்விட்டது. அவன் போட்டிருந்த தோல் தொப்பி தையல் விட்டுப் பிளந்து கிடந்தது. எட்டு மாசத்துக்கு முன்னால் அந்தத் தொப்பியைத் தைத்தவன் தானியேல். திங்கட்கிழமை ராத்திரியே ஊர் முழுக்க ஒரே பேச்சு: தானியேல் தைத்த லட்சணத்தில்தான் பையன் செத்தான். புதன்கிழமை காலையில் போலீஸ் வந்தது. அன்று சாயங்காலமே அவன் பெண்டாட்டி சுந்தரி வேலூருக்கு வந்து எங்கள் வாசலில் நின்றாள்.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் துரைசாமி எங்களைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார். சுப்பராயனுக்குப் பழைய சிநேகிதர். சிநேகிதம் இருப்பதால்தான் சுளிப்போடு நிறுத்தினார்.

"வந்துட்டியா? உனக்கு வேலை இல்லைப்பா. அவனே ஒத்துக்கிட்டான்."

"இன்னா ஒத்துக்கிட்டான்?"

"நீயே கேளு."

கம்பிக்குப் பின்னால் தானியேல் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். நாற்பது வயசு. குதிரைச் சேணம் தைத்துத் தைத்துக் காய்ச்சிப்போன விரல்கள். எங்களைப் பார்த்து எழுந்து நின்றான்.

"எழுதிக்கச் சொல்லுங்க சார். நான் கையெழுத்துப் போட்டுடறேன்," என்றான். "அந்தத் தொப்பியத் தைக்கும்போது எனக்கு ஜுரம். கை நடுங்குச்சு. ரெண்டு நாள் தள்ளி வெச்சிருக்கணும். பையனோட அம்மா ஞாயித்துக்கிழமைக்குள்ள வேணும்னாங்க. தைச்சிட்டேன். திங்கக்கிழமைல இருந்து கண்ண மூடினா அந்தப் புள்ள மொகந்தான் சார் வருது."

"தொப்பிய நீ பாத்தியா, தானியேல்?"

"தூரத்துல இருந்து காட்டினாங்க. பிளந்து இருந்துச்சு."

சுப்பராயன் திரும்பி இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். "கையில குடுக்கலையா?"

"சாட்சிப் பொருளைக் குற்றவாளி கையில குடுப்பாங்களா? நல்லா இருக்குதே உன் நியாயம்!"

தொப்பி மேஜைமேல் இருந்தது. காதுவரை இறங்கி, தாடைக்குக் கீழே வார் போட்டு மாட்டும் தொப்பி. உள்ளே தக்கையும் கம்பளியும் வைத்துத் தைத்திருந்தது. வெளித்தோல் புது பிஸ்கோத்து நிறம். உச்சித் தையல் முன்னிருந்து பின்வரை வாய் பிளந்திருந்தது. சுப்பராயன் அதை ஜன்னலருகே கொண்டுபோய் ஒவ்வொரு ஊசித் துளையாகப் பார்த்தார்.

"பச்சை, அடி பட்டுத் தையல் விட்டா இன்னா ஆகும்?"

"நூல் இழுக்கும். துளை கிழியும். சேணம் பிஞ்சாலும் அப்படித்தான்," என்றேன். பதினெட்டு வருஷம் வீண்போகவில்லை.

"ஒரு துளைகூடக் கிழியலை. எல்லாம் உருண்டையா அப்படியே இருக்குது. நூல் முனையெல்லாம் ஒட்ட வெட்டினது. யாரோ ஒவ்வொரு தையலா நறுக்கி இருக்காங்க."

இன்ஸ்பெக்டர் அசரவில்லை. "இத்துப்போன நூல்னா அப்படித்தான் அறும். வக்கீல் கேப்பான், நீ இன்னா சொல்லுவ?"

நான் தொப்பியை வாங்கி உள்ளே மூக்கை விட்டேன். கம்பளி வாசனை, காதுப் பக்கம் காய்ந்த ரத்தம். அவ்வளவுதான். "சார், எட்டு மாசம் தலையில இருந்த தொப்பியா இது? என் தலைப்பாவ மோந்தா மூணு தெருவுக்கு மயக்கம் வரும். இதுல எண்ணெய்ப் பிசுக்கே இல்லியே."

"பணக்காரப் பையன். சென்ட்டு போடுவான்," என்றார் இன்ஸ்பெக்டர். "உன் மூக்கைக் கூண்டுல ஏத்த முடியாது. தொப்பிய எடுத்துக்கிட்டுப் போங்க. மூணு மணிக்கு இந்த மேஜைல இருக்கணும். இல்லைன்னா ரயில்ல தானியேலுக்குப் பக்கத்துல உனக்கும் ஒரு டிக்கெட்டு."

"டிக்கெட்டுக் காசு சர்க்காரோடதுதானே சார்?" என்று கேட்டேன். சுப்பராயன் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

தானியேல் வேலை செய்வது வீட்டோடு ஒட்டிய ஓர் அறை. புழுக்கம் தாங்கவில்லை. நான் உள்ளே போனதும் முதல் வேலையாக ஜன்னலைத் திறந்தேன். வெயில் உள்ளே அடித்தது. சுந்தரி ஓடிவந்து அதைப் படாரென்று சாத்தினாள். இன்னும் கொஞ்சம் இருந்தால் என் விரல் போயிருக்கும்.

"ஐயோ, அறிவு இருக்குதா உங்களுக்கு? தோல் கெடக்குறது கண்ணுக்குத் தெரியலியா?"

"தெரியுது. அதுக்குக் காத்து ஆவாதா?"

"வெயில் ஆவாது! ஆவாரம்பட்டையில ஊறின தோலு. நாலு நாள் வெயில்ல கெடந்தா செங்கல்லு கணக்கா செவந்து போய்டும். வேலூர்ல இதெல்லாம் தெரியாதா?"

தெரியாது என்று நான் சொல்வதற்குள் சுப்பராயன் தொப்பியை அவள் முன்னால் நீட்டிவிட்டார். சுந்தரி அதைத் தொடத் தயங்கினாள். பிறகு வாங்கிக்கொண்டாள்.

"இதுவும் அந்தத் தோல்தானாம்மா?"

"ஆமா. அவரே பொறுக்கி எடுத்துட்டு வந்தது."

"மேல சாயம், கடுக்காய்த் தண்ணி, ஏதாவது பூசினாரா? செவக்காம இருக்க?"

"இல்லிங்க. பாஷா ஊட்டு அம்மாதான் சொல்லி அனுப்பினாங்க, நெறம் இப்படியே இருக்கட்டும்னு. போடப் போடத் தானா செவக்கும், செவந்தா நல்லாப் பழகிடுச்சுன்னு அர்த்தம்னு இவரு சொல்லி விட்டாரு." சொல்லும்போதே அவள் குரல் குறைந்தது. தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதென்ன இது? நேத்து தைச்ச மாதிரி இருக்குது!"

"எட்டு மாசம். வாரா வாரம் மலைப்பாதை வெயில்," என்றார் சுப்பராயன்.

எனக்குச் சட்டென்று புரிந்தது. புரிந்ததும் கோபம் வந்தது. "அந்தப் பையன் இதைப் போடவே இல்லை!"

"நாம சொன்னாப் போதாது. இன்ஸ்பெக்டர் கேட்டா, நல்ல ஜாதித் தோல், அதான் செவக்கலைம்பார். அம்மா, இந்தத் தோல்ல வேற ஏதாவது தைச்சாரா?"

"இன்னொரு தொப்பி தைச்சாரு. ஒரே தோல், ஒரே வாரம். அந்தப் புள்ளையோட பெரியப்பா மகனுக்கு, ஷபீ அஹமதுக்கு. ரெண்டு பேரும் தோஸ்து. சேந்துதான் போவாங்க." சுந்தரி தொப்பியைத் திருப்பிக் கொடுத்தாள். "சார், அவரு கையெழுத்துப் போட்டுட்டாரா?"

"இன்னும் இல்லைம்மா."

"போடுவாரு. எறும்ப மிதிச்சாக்கூட ஜெபம் பண்ற ஆளு. தானே செஞ்சேன்னு நம்பிட்டாரு. நான் சொன்னா கேக்க மாட்டாரு. சீக்கிரம் போங்க சார்."

நாங்கள் ஷபீ அஹமதின் வீட்டு வாசலில் நின்றபோது மணி ஒன்றரை. அவனே கதவைத் திறந்தான். நாலு நாள் தாடி, சிவந்த கண். முற்றத்தில் மோட்டார் சைக்கிள்மேல் சாக்குப் போட்டு மூடியிருந்தது. பக்கத்துச் சுவர் ஆணியில் அவனுடைய தொப்பி.

செங்கல் நிறம். சுந்தரி சொன்ன அதே செங்கல்.

சுப்பராயன் கேட்காமலே அதை எடுத்தார். கொக்கியைக் கழற்றி வாரைப் பிரித்தார். கொக்கி மறைத்திருந்த இடம் மட்டும் பிஸ்கோத்து நிறத்தில் இருந்தது. பின்பக்கம் பெரிய நசுங்கல்.

"இது இன்னா?"

"தை மாசம் விழுந்தேன். இதே மலையில." ஷபீயின் கண் எங்கள் கையிலிருந்த மற்றத் தொப்பிமேல் இருந்தது. "எனக்கு ஒண்ணும் ஆவலை."

சுப்பராயன் இரண்டையும் வண்டிச் சாக்கின்மேல் அருகருகே வைத்தார். ஒரே மாட்டின் தோல், ஒரே கைத் தையல். ஒன்று செங்கல், ஒன்று பிஸ்கோத்து. அதற்குமேல் அவர் எதுவும் கேட்கவில்லை. நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன், அது எனக்கே ஆச்சரியம்.

ஷபீ அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"எங்க சாச்சி, அதான் அவனோட அம்மா, அவங்க தலைமேல கை வெச்சு சத்தியம் பண்ணான் சார். தொப்பி இல்லாம ஓட்ட மாட்டேன்னு. அதுக்கப்புறந்தான் சாச்சி சிபாரிசு பண்ணி வண்டி வாங்கிக் குடுத்தாங்க. ஊட்டு வாசல்ல போட்டுக்குவான். தெரு முனை திரும்பினதும் கழட்டிப் பையில வெச்சிடுவான். காத்து தலைல படலைன்னா ஓட்டின மாதிரியே இல்லடாம்பான். நானும் சொல்லிப் பாத்தேன். கெழவன்னு கேலி பண்ணுவான். விட்டுட்டேன்."

"ஞாயித்துக்கிழமை?"

"விழுந்து கெடந்தான். காதுல ரத்தம். பேச்சு இல்லை." அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "பையில இருந்த தொப்பிய எடுத்து நான்தான் அவன் தலைல போட்டேன். வார மாட்டினேன். சாச்சி பாக்கும்போது தலைல இருக்கட்டும்னு. பொய்ச் சத்தியம் பண்ணா, யார் தலைல கை வெச்சோமோ அந்தத் தலைக்கு ஆவாதும்பாங்க. மகனும் போய், அந்தப் பயமும் அவங்களுக்கு எதுக்குன்னு நெனச்சேன்."

"தையலை அறுத்து தானியேல் தலைல கட்டினியே, அதுவும் சாச்சிக்காகவா?" என்று நான் அவன் சட்டையைப் பிடிக்கப் போனேன்.

"அல்லா மேல ஆணை, நான் அறுக்கலை! ஊட்டுக்குக் கொண்டுபோய்ச் சேக்கும்போது தொப்பி முழுசா இருந்துச்சு. ஸ்டேஷனுக்குப் போயி எல்லாத்தையும் சொல்லிடலாம்னு காலைலருந்து சட்டையப் போடுறேன், கழட்டுறேன். சாச்சிய நெனச்சா கால் வரலை."

"விடு பச்சை. இவன் சொல்றது நிஜம்," என்றார் சுப்பராயன். "இவனுக்கு வேண்டியதெல்லாம் தலைல தொப்பி இருக்கணும். அது கிழியணும்னு இவனுக்கு அவசியமே இல்லை. வேற யாருக்கோ அவசியம் வந்திருக்குது. போலீசு அதை எடுத்தது எங்கேருந்து?"

"பாஷா ஊட்டுலருந்து," என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது.

துக்க வீடு. கூடத்தில் பாய் விரித்திருந்தது, துக்கம் கேட்க வந்தவர்கள் யாரும் இல்லை. ஆபித் பாஷா மகனைப் புதைத்த கபர்ஸ்தானுக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். உள் வாசலில் திரை தொங்கியது. அதற்குப் பின்னால் நயீமின் அம்மா சுகரா பேகம் வந்து உட்கார்ந்தது திரையில் விழுந்த நிழலில் தெரிந்தது. சுப்பராயன் இரண்டு தொப்பிகளையும் எங்களோடு வந்த ஷபீயிடம் கொடுத்து உள்ளே அனுப்பினார்.

"அம்மா, ஒண்ணும் கேக்க வரலை. அதைப் பாருங்க. பாத்துட்டு உங்களுக்கு இன்னா தோணுதோ சொல்லுங்க. தானியேல் மூணரை ரயில்ல ஜெயிலுக்குப் போறான்."

ஷபீ உள்ளே அழுவது மட்டும் கேட்டது.

"எனக்குத் தெரியும்," என்றது திரைக்குப் பின்னால் இருந்த குரல். "செவந்தா பழகிடுச்சுன்னு அர்த்தம்னு தானியேல் சொல்லி அனுப்பினாரு. வாரா வாரம் அவன் வந்து தொப்பியக் கழட்டி மாட்டுவான். நான் போய்ப் பாப்பேன். ஷபீயோடது செவந்துக்கிட்டே வந்துச்சு. என் புள்ளையோடது செவக்கலை. ஒரு மாசத்துலயே தெரிஞ்சுடுச்சு."

சுப்பராயன் தலை நிமிர்ந்தார். அவர் எதிர்பார்க்காத ஒன்று நடப்பதை நான் பார்ப்பது அபூர்வம்.

"கேக்கலையாம்மா?"

"கேட்டா வண்டியப் புடுங்கணும். புடுங்கினா மூஞ்சத் தூக்கி வெச்சுக்குவான், சாப்பிட மாட்டான். அடுத்த வாரம் கேக்கலாம், அடுத்த வாரம் கேக்கலாம்னு இருந்துட்டேன். திங்கக்கிழமை துக்கத்துக்கு வந்தவங்க ஒருத்தி தொப்பியப் பாத்துட்டா. முழுசா இருக்குதே, தலை எப்படிப் போச்சுன்னு கேட்டா. பூத்தையல் கத்திரிய எடுத்துக்கிட்டு உள்ள போய் ஒவ்வொண்ணா அறுத்தேன். அப்புறம் வந்தவங்க எல்லாம், சொன்ன சொல் காப்பாத்தின புள்ள, தொப்பி ஏமாத்திடுச்சுன்னு சொல்லிட்டுப் போனாங்க. அது ஒண்ணு போதும்னு இருந்துச்சு."

"தானியேல்?"

"தைச்சவர் ஒருத்தர் இருக்காருன்னு அப்ப எனக்குத் தோணலைங்க. தோணினப்ப போலீசு வந்துட்டுப் போயிருந்துச்சு. எங்க ஊட்டுக்காரரு போய் எழுதிக் குடுத்துட்டாரு. அவருக்கு இதெல்லாம் தெரியாது. தெரிஞ்சா, நீ கேட்டு வாங்கிக் குடுத்த வண்டி, நீ பாத்தும் பாக்காம விட்டுட்டியேன்னு..."

"எனக்குத் தெரியும், சுகரா."

நான் திரும்பினேன். வாசல்படியில் ஆபித் பாஷா நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. செருப்பில் கபர்ஸ்தான் மண்.

"முப்பது வருஷமா தோல் தரம் பிரிக்கிறேன்," என்றார். "வெயில் பட்ட தோல் எது, படாத தோல் எதுன்னு எனக்குத் தெரியாதா? அறுத்த தையல் எதுன்னு தெரியாதா? திங்கக்கிழமை ராத்திரியே பாத்தேன். உன் கத்திரிதான்னும் தெரிஞ்சுது. உண்மை வெளிய வந்தா நீ தாங்க மாட்ட. ஊரு தானியேல் பேரைச் சொல்லிச்சு. நானும் அதையே எழுதிக் குடுத்தேன்."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஷபீ சாச்சியைக் காப்பாற்றினான். அம்மா மகனைக் காப்பாற்றினாள். புருஷன் பெண்டாட்டியைக் காப்பாற்றினார். ஆளாளுக்கு அவரவர் பிரியத்தைக் காப்பாற்றிக்கொண்டார்கள், நடுவில் ஒரு ஏழையின் கையில் விலங்கு. துக்க வீடு என்பதால் நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஆனாலும் ஒரு வார்த்தை நழுவிவிட்டது.

"உங்க ஊட்டுல இத்தனை பேருக்குத் தெரிஞ்ச விஷயம், தைச்சவனுக்கு மட்டும் தெரியாது பாருங்க மொதலாளி."

ஆபித் பாஷா திரையைப் பார்த்து, "நான் போய்ச் சொல்லிட்டு வர்றேன்," என்றார்.

"நானே வர்றேன்," என்றாள் சுகரா பேகம். "அறுத்த கை என்னுது." திரை விலகியது. தலையிலிருந்து கால்வரை புர்க்கா போட்டு, கையில் இரண்டு தொப்பிகளோடு வந்து நின்றாள்.

ஸ்டேஷன் கடிகாரத்தில் மூன்று மணி ஐந்து நிமிஷம். இன்ஸ்பெக்டர் பேனாவைத் தானியேல் கையில் கொடுத்திருந்தார். சுந்தரி வாசலில் அழுதுகொண்டிருந்தாள். ஆபித் பாஷா உள்ளே நுழைந்ததும் எல்லோரும் எழுந்து நின்றார்கள். அவர் உட்காராமல் சொன்னார். விட்ட இடத்தை சுகரா பேகம் சொன்னாள். இன்ஸ்பெக்டர் காகிதத்தைக் கிழித்தார். பிறகு தொப்பிகளை முதல்முறையாகத் தானியேல் கையிலேயே கொடுத்தார்.

தானியேல் பிஸ்கோத்து நிறத் தொப்பியை வாங்கிப் பிளவின் ஓரமாகக் கட்டைவிரலை ஓட்டினான். துளை துளையாகத் தடவிப் பார்த்தான். பிறகு செங்கல் நிறத் தொப்பியின் நசுங்கலைத் தொட்டான். தக்கை அமுங்கியிருந்தது, தையல் ஒன்றுகூட விடவில்லை.

"இதுவும் அந்த ஜுரத்துல தைச்சதுதான்," என்றான். ஷபீயைப் பார்த்தான். "உனக்கு ஒண்ணும் ஆவலை இல்ல தம்பி?"

ஷபீ இல்லை என்று தலையசைத்தான்.

"அப்ப போட்டிருந்தா அந்தப் புள்ளையும் பொழைச்சிருக்கும்."

விடுதலையான மனுஷன் சிரிப்பான், ஓடுவான், பெண்டாட்டியைப் பார்ப்பான் என்று நினைத்திருந்தேன். இவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு, செத்தவனுக்காக வாய்விட்டு அழுதான். சுகரா பேகமும் அழுதாள்.

ஆபித் பாஷா அவன் முன்னால் போய் நின்று இரண்டு கையையும் கூப்பினார். "மன்னிச்சுடு தானியேல். இன்னா வேணும்னாலும் கேளு."

தானியேல் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரை நேராகப் பார்த்தான். வேலை கேட்டு நிற்கும்போது குனிந்தே பழகிய தலை அது.

"ஒண்ணும் வேணாம் மொதலாளி. மூணு நாளா உங்க புள்ளைய நான்தான் கொன்னேன்னு நெனச்சு அழுதுக்கிட்டு இருந்தேன். ஜெபத்துல அந்தப் புள்ள பேரைச் சொல்லி மன்னிப்பு கேட்டேன். நீங்க ஒரு ஆளை அனுப்பி, நீ கொல்லலை தானியேல்னு மட்டும் சொல்லி இருக்கலாம். அது தெரிஞ்சிருந்தா உங்களுக்காக ஜெயிலுக்குக்கூட நான் போயிருப்பேன்."

ஆபித் பாஷாவின் கூப்பிய கை அப்படியே நின்றது. மூன்றரை ரயில் ஊதிக்கொண்டு வந்தது, நின்றது, போனது. சுந்தரி புருஷனின் கையைப் பிடித்து வெளியே அழைத்துப்போனாள்.